பிட் இன்சார்ஜ்

ஜனவரி 20, திங்கள்

புது வருடத்திலிருந்து தினமும் நாட்குறிப்பு எழுதுவது என்று ஒன்றாம் தேதி முடிவு செய்தேன். இன்று தொடங்குகிறேன். பத்தொன்பது நாள் தாமதம் என்பது என் வழக்கத்துக்குச் சீக்கிரம்தான்.

தொடங்கக் காரணம், எனக்கு ஒரு பதவி வந்திருக்கிறது. தலைமையாசிரியை மரகதம் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "வடிவு டீச்சர், நம்ம பிள்ளைக ரோபோ போட்டிக்குக் கோயம்புத்தூர் போகுதுல்லா, அங்க பிட்டுக்குன்னே தனி ஏரியா உண்டாம். அதுக்கு ஒரு இன்சார்ஜ் வேணும்னு ஆன்டோ சார் கேக்காரு. பிட்டுன்னா இந்த ஸ்கூல்ல உங்கள விட்டா வேற யாரு?"

நியாயமான கேள்வி. நான் வணிகவியல் ஆசிரியை என்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இருபத்து மூன்று வருடமாக என் உண்மையான தொழில் தேர்வு அறையில் பிட் பிடிப்பது. துப்பட்டா மடிப்பு, பேனா மூடி, ஸ்கேலின் பின்பக்கம், ஒருமுறை ரெட்டை ஜடையில் இடது ஜடை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'பிட்டு'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்தால், தின்கிற பிட்டைச் சொன்னோம் மிஸ் என்பார்கள். நானும் உருண்டை, மேலே தேங்காய்ப்பூ தூவினாற்போல நரை. அந்த வகையிலும் பொருத்தம்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கோயம்புத்தூர் வரைக்கும் பேர் போயிருச்சா?" என்றார். பெருமையாகச் சொன்னாரா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் விடலாம். ஆனால் தஸ்னீம் அதற்குள் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாள். என் பக்கத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும்.

ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் ரோபோ குழு. ஐந்து பிள்ளைகள், இயற்பியல் ஆன்டோ சார், நடுவில் கை நீட்டிய ஓர் இரும்புச் சாமான். நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிட்டை எங்கெங்கே ஒளிப்பார்கள், எதிரணிப் பிள்ளைகளின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று எப்படிக் கவனிப்பது, சந்தேகம் வந்தால் முதலில் கைக்குட்டையைக் கேட்பது எப்படி என்று பத்து நிமிடம் பேசினேன். பேச்சு நன்றாக அமைந்தது. ஆன்டோ சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடினார்.

குழுத் தலைவி தஸ்னீம்தான் கை தூக்கினாள். "மிஸ், இது அந்தப் பிட்டு இல்ல மிஸ். இது பிட்டு."

"அதத்தானட்டி நானும் சொல்லுதேன்."

"இல்ல மிஸ். கார் ரேஸ்ல நடுவுல வண்டிய நிறுத்தி டயர் மாத்துவாங்கள்லா, அந்த இடம். அதே மாதிரி ரோபோவ ரிப்பேர் பாக்க ஒவ்வொரு டீமுக்கும் பத்துக்குப் பத்தடி இடம் குடுப்பாங்க. அதுக்குப் பேரு பிட்டு."

இரண்டையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஒரே எழுத்து, ஒரே சொல். இதில் என் தப்பு எங்கே என்று மொழி தெரிந்தவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் நீளமாகச் சிரிப்பார்கள்.

அந்த ஐந்து பேரில் சேராத ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சாமானுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அந்த இரும்புக் கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சிவகோமதி, பதினொன்றாம் வகுப்பு. டிசம்பரில் அரையாண்டு இயற்பியல் தேர்வில் இவளுடைய பென்சில் டப்பாவிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தவள் நான். "அது பிட்டு இல்ல மிஸ்" என்றாள். எல்லோரும் சொல்கிற வசனம்தான். நான் பிட்டைப் படிப்பதில்லை, படித்தால் இரக்கம் வந்துவிடும் என்பது என் கொள்கை. நேராக உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தேர்வில் பூஜ்யம். அம்மாவை வரவழைத்து வராந்தாவில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அன்று மற்றப் பெற்றோர்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள்.

பிட்டில் மாட்டிய பிள்ளையின் பெயரை எந்த வெளிப்போட்டிக்கும் கொடுக்கக் கூடாது என்பது பள்ளி விதி. ஆக, ரோபோவின் கையைச் செய்தவள் சிவகோமதி, போட்டிப் பட்டியலில் இல்லாதவளும் சிவகோமதி. பார்வையாளராக வரலாமாம்.

"மூணாம் தேதி வரைக்கும் பேர் மாத்தலாம்" என்றார் ஆன்டோ சார், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு. "பிடிச்ச டீச்சரே தப்பு நடந்துருச்சுன்னு எழுதிக் குடுத்தா மேடம் சரின்னுருவாங்க."

நானும் மின்விசிறியைப் பார்த்தேன். நன்றாகத்தான் சுற்றுகிறது.

ஜனவரி 24, வெள்ளி

பதவி வேறு பொருளில் வந்திருந்தாலும் பதவி பதவிதான். பத்துக்குப் பத்தடியில் என்னென்ன அடங்க வேண்டும் என்று ஆன்டோ சார் பட்டியல் கொடுத்தார். ரோபோ நிற்க மேஜை, பேட்டரி சார்ஜ் ஏற்ற ஒரு மூலை, கருவிகள், மாற்று மோட்டார்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கண்ணாடி மாட்டாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஒரு பலகை. போன வருடம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய், ஒரு ஸ்பானரைத் தேடி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டதாம்.

எனக்கு உடனே எங்கள் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. பரண் மேல் இருப்பது மடக்குக் கொலுப்படி. ஐந்து படி, இரும்புச் சட்டம், ஐந்து நிமிடத்தில் பூட்டிவிடலாம். அதை எடுத்து வந்து நிறுத்தினேன். மேல்படியில் எடை குறைந்த சாமான், கீழ்ப்படியில் பேட்டரிகள், நடுவில் மோட்டார்கள் அளவுவாரியாக.

தஸ்னீம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மிஸ், சுண்டல் எப்பம்?"

"ஜெயிச்சுட்டு வா, தாரேன்."

ஆன்டோ சார் மட்டும் படியைச் சுற்றிச் சுற்றி வந்து, "மேடம், இது ரொம்ப நல்லாருக்கே" என்றார். பாராட்டா அதிர்ச்சியா என்று தெரியவில்லை. பாராட்டு என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

கருவிப் பலகை தயார். பெரிய அட்டையில் ஒவ்வொரு கருவியையும் வைத்து ஓரமாகக் கோடு வரைந்து, அந்த இடத்திலேயே மாட்டினேன். எது காணாமல் போனாலும் வெற்று வடிவம் பல்லைக் காட்டும். நாற்பது தலைகளில் ஒரு தலை அசைந்தாலும் கண்டுபிடிக்கிற கண் இது. ஒரு திருப்புளி நகர்ந்தாலும் தெரியும்.

பல்லென்றதும் ஞாபகம் வருகிறது. ரோபோவின் தோளில் இரண்டு பல்சக்கரங்கள். சின்னது ஒன்று, பெரியது ஒன்று. பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்காகக் குனிந்தபோது பக்கத்தில் மார்க்கரில் '14 – 70, வேகம் ஐந்தில் ஒன்று, விசை ஐந்து மடங்கு' என்று எழுதியிருந்தது. சிவகோமதியின் கையெழுத்து. அவள் எழுபதின் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவாள்.

நான் பிட்டைப் படிப்பதில்லை. ஆனால் கண் என்று ஒன்று தலையில் இருக்கிறதே, உறையில் போடுவதற்கு முன்னால் அது தன்பாட்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுகிறது. டிசம்பர் துண்டுத்தாளிலும் ஒரு 14, ஒரு 70 இருந்தன.

பெரிய சக்கரத்தின் பல்லை எண்ணினேன். எழுபது. இன்னொரு தடவை எண்ணினேன். எனக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

நாளைக்கு இரட்டை ஒட்டு நாடா வாங்க வேண்டும்.

ஜனவரி 29, புதன்

சரியான தூக்கம் இல்லை. இந்த வருடம் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது போல.

ஜனவரி 31, வெள்ளி

பிட் அமைக்கும் ஒத்திகை. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் 'ஸ்டார்ட் ரைட்டிங்' என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். பிள்ளைகள் பத்தொன்பது நிமிடத்தில் முடித்தார்கள். ஜெமிமா எக்ஸ்டென்ஷன் வயரை நடைவழியில் போட்டிருந்தாள், நானே தடுக்கி விழப்பார்த்தேன். அடுத்த தடவை பதினான்கு நிமிடம்.

சிவகோமதிக்கு ஒத்திகையில் இடமில்லை, அதனால் கதவருகில் நின்றாள். ஜெமிமா ஒரு மோட்டாரைத் தலைகீழாக வைத்தபோது அவளுடைய கை தானாக நீண்டு, பாதியில் நின்று, பின்னால் போய்விட்டது.

ஆசிரியர் அறையில் விலங்கியல் எஸ்தர்ராணி தோசைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். "ஏன் வடிவு, இத்தன வருசத்துல ஒன்னுகூடத் தப்பாப் பிடிச்சதில்லையோ?"

"ஒன்னுகூட இல்ல" என்றேன்.

"சரிதான், எனக்குன்னா பயமா இருக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சட்னியைத் தேடினாள். இந்த எஸ்தர்ராணிக்கு எதையும் உள்நோக்கத்தோடு கேட்கத் தெரியாது. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

பிப்ரவரி 3, திங்கள்

பெயர்ப்பட்டியலுக்குக் கடைசி நாள்.

காலையில் ஒரு கடிதம் எழுதினேன். 'மேற்படி மாணவி வைத்திருந்த தாள் தேர்வுக்குத் தொடர்பற்றது எனத் தற்போது கருத இடமிருப்பதாக' என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தின் முடிவு எனக்கே கிடைக்காமல் கிழித்துப்போட்டேன். இரண்டாவது கடிதத்தில் தேதி சரியாக வந்தது. மூன்றாவதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"சொல்லுங்க டீச்சர்" என்றார்.

கோயம்புத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஆறேகால் என்றார். எனக்கும் அது தெரியும், டிக்கெட் என்னிடம்தான் இருக்கிறது.

மாலையில் கொக்கிகள் வாங்கினேன். பன்னிரண்டு. பிள்ளைகளின் பைகளைத் தரையில் போடாமல் மாட்டுவதற்கு. பை தரையில் கிடந்தால் பிட் பிட்டாகவே இருக்காது.

பிப்ரவரி 6, வியாழன்

பஸ்ஸில் கொலுப்படிக்கு இடம் பிடிக்க நடத்துநரிடம் மன்றாட வேண்டியிருந்தது. "எந்தக் கோயிலுக்கும்மா?" என்றார். ரோபோவுக்கு என்றேன். அவர் கும்பிடுவதா வேண்டாமா என்று குழம்பி, கடைசி சீட்டுக்குக் கீழே இடம் கொடுத்தார்.

சிவகோமதி ரோபோவின் கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். சாத்தூர் தாண்டி அசந்துவிட்டாள். அப்போதும் பிடி விடவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பெரிய அரங்கு. இருபத்தாறு அணிகள், இருபத்தாறு பிட். சில அணிகளின் இடம் நகைக்கடை மாதிரி மின்னியது. பதினாறு நிமிடத்தில் நாங்கள் அமைத்தோம். கொலுப்படியைப் பார்க்க ஒரு கூட்டமே வந்தது. சேலம் அணி படம் எடுத்துக்கொண்டு போனது. சோதனை செய்ய வந்த பச்சை மேலங்கி போட்ட நடுவர் கருவிப் பலகையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா ஒழுங்கா வெச்சிருக்கீங்க. யாருங்க பண்ணுனது?" என்றார்.

பணிவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்குள் என் வாய், "நான்தான்" என்று சொல்லிவிட்டது.

பிட்டைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்ட வேண்டும், அடையாள அட்டை இல்லாதவர்கள் அதைத் தாண்டக் கூடாது, பட்டியலில் இருக்கும் ஐந்து பேரைத் தவிர யாரும், ஆசிரியர்கள்கூட, ரோபோவைத் தொடக் கூடாது என்றார். நாடாவை நான்தான் ஒட்டினேன். நூல் பிடித்தாற்போல் நேராக. ஒட்டி முடித்து நிமிர்ந்தால், நாடாவுக்கு அந்தப் பக்கம் சிவகோமதி. தன் செருப்பு கோட்டில் படாமல் ஒரு அங்குலம் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

பிப்ரவரி 8, சனி

மூன்றாவது ஆட்டத்தில் ரோபோவின் கை பெட்டியைத் தூக்கவில்லை. மோட்டார் சுற்றுகிறது, கை தொங்குகிறது. நாலாவது ஆட்டத்துக்கு இருபது நிமிடம்.

பிட்டுக்குள் ஐந்து பேரும் ரோபோ மேல் கவிழ்ந்தார்கள். தஸ்னீம் மோட்டாரையே கழற்றப்போனாள். ஜெமிமா வயர்தான் காரணம் என்றாள். ஆன்டோ சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகத்தைக் கடிக்க முடியாமல் தவித்தார். ஒலிபெருக்கியில் யாரோ ஓர் அணியைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்ததால், நாடாவுக்கு வெளியே இருந்து சிவகோமதி கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தாள். எதையோ எழுதினாள். நான்காக மடித்து, நாடாவுக்கு மேலே தஸ்னீமை நோக்கிக் கையை நீட்டினாள்.

என் கை போய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

நான் யோசித்துப் பிடிக்கவில்லை. மடித்த தாள், நீட்டிய கை, இந்த இரண்டும் சேர்ந்தால் இருபத்து மூன்று வருடமாக என் உடம்புக்கு ஒரே வேலைதான். பக்கத்து பிட்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவகோமதி இந்தத் தடவை 'அது பிட்டு இல்ல மிஸ்' என்று சொல்லவில்லை. விரல்களைத் திறந்து காட்டினாள், அவ்வளவுதான். சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தவளின் முகம்.

தாளை எடுத்தேன். பிரித்தேன். படித்தேன். 'மொதல்ல பேட்டரி வயர எடு. மோட்டாரத் தொடாத. சின்னச் சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு குட்டித் திருகு லூசாயிருக்கும். அத இறுக்கு.'

பச்சை மேலங்கி அதற்குள் வந்துவிட்டார். "மேடம், வெளிய இருந்து உள்ள என்னமோ பேப்பர் வருதுங்க. என்னதுங்க அது?"

"பிட்டு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சொல்றது சொல்லிக்கலாமுங்க. தொடத்தான் கூடாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் நான் அதை உரக்க வாசித்தேன். ஒலிபெருக்கி தோற்றது. ஜெமிமா பேட்டரி வயரை எடுத்தாள். தஸ்னீம், "குட்டித் திருகு எங்கட்டி?" என்று கேட்க, வெளியிலிருந்து சிவகோமதி விரலால் காற்றில் காட்டினாள். "அதுக்கு ரெண்டாவது படியில இருக்க வளைஞ்ச திருகுச் சாவி" என்றாள். அது என் படி, என் சாவி, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ரோபோவைத் தொடவில்லை.

நாலாவது ஆட்டத்தில் கை தூக்கியது. மொத்தத்தில் ஒன்பதாம் இடம். முதல் பத்து அணிகளுக்கு மார்ச்சில் சென்னையில் அடுத்த சுற்று.

சான்றிதழ் வாங்க ஐந்து பேரும் மேடை ஏறினார்கள். சிவகோமதி கீழே நின்று ஐந்து பேரின் பைகளையும் வைத்துக்கொண்டு கை தட்டப் பார்த்தாள். தோளில் இரண்டு, கையில் மூன்று. தட்ட முடியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

கடிதம் எழுதினேன். நான்கு வரி. 'டிசம்பர் தேர்வில் சிவகோமதியிடம் நான் எடுத்த தாள் பிட் அல்ல. அவள் செய்த இயந்திரத்தின் கணக்கு. அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.' ஜனவரி இருபத்தேழாம் தேதியே எனக்குத் தெரியும் என்று ஐந்தாவது வரி ஒன்று எழுதி, அடித்து, பிறகு மறுபடியும் எழுதினேன்.

மேடம் உறையைத் தேடி எடுத்துப் பிரித்துப் பார்த்தார். ஆன்டோ சாரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "இது வெளிய தெரிஞ்சா நீங்க இதுவரைக்கும் பிடிச்ச பிள்ளைக பூரா வந்து நிக்குமே டீச்சர்."

"வரட்டும் மேடம்."

கையெழுத்துப் போட்டார். சென்னைப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். இயற்பியல் விடைத்தாளையும் திருத்தச் சொல்லியிருக்கிறார். இந்த வருடப் பொதுத்தேர்வில் எனக்கு அறைப்பணி கிடையாது, விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தால் போதுமாம். நல்ல வேலை. உட்கார்ந்தே செய்யலாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மதியம் ரோபோ அறைக்குப் போனேன். சிவகோமதி தனியாக வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை மூன்று விதமாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது, "நான் செஞ்சது தப்பு கோமதி."

"சரி மிஸ்" என்றாள். வயர் சுற்றுவது நிற்கவில்லை.

'சரி' என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன். அவளே பேசினாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன மிஸ். எனக்குத்தான் தெரியுமே. எங்கம்மாதான் நம்பல. டிசம்பர்ல இருந்து தெனமும் என் பையத் தொறந்து பாத்துட்டுதான் ஸ்கூலுக்கு விடுது."

"மேடம் கையெழுத்துப் போட்ட லெட்டர் இருக்கு. கொண்டு போய்க் காட்டு."

"அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது மிஸ்." வயரின் முனையை ரப்பர் பேண்டுக்குள் செருகினாள். "நீங்க அன்னைக்கு வாயாலதான சொன்னீங்க."

பிப்ரவரி 12, புதன்

அவளுடைய அம்மா உலகம்மாள் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறார். மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். நீளமான தகரக் கொட்டகை. உள்ளே வெல்லப்பாகு வாசனை. இருபது பெண்கள் இரண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, பார்க்காமலே எண்ணிப் பாக்கெட்டில் போடுகிறார்கள். பின்கோடியில் கடலை வறுக்கிற மிஷின்.

என்னைப் பார்த்ததும் உலகம்மாள் எழுந்துவிட்டார். "பிள்ள மறுபடி என்னமும் செஞ்சிட்டாளா?"

"இல்லம்மா. கொஞ்சம் வெளிய வாங்க, தனியா ஒரு விசயம் பேசணும்."

"தனியா என்னத்துக்கு?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு அத்தன பேரு இருக்கைலதான சொன்னீக. இங்கனயே சொல்லுங்க."

சொன்னேன். சொல்லும்போது பாக்கெட் போடும் சத்தம் ஒவ்வொரு கையாக நின்றது. முன்வரிசையில் ஒருத்தி, "நெசமாவா?" என்றாள். உலகம்மாள் கையில் ஒட்டியிருந்த பாகை முந்தானையில் மெதுவாகத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக. அதற்கு வெகுநேரம் ஆனது. வந்த வேலை முடிந்தது என்று நினைத்து நான் கைப்பையை எடுத்தேன்.

"டீச்சர்" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"பின்னாடி மிஷின் ஓடுதுல்லா. அங்கன இருக்கவுகளுக்குக் கேட்டிருக்காது. இன்னொருக்கச் சொல்லுங்க."

கைப்பையைக் கீழே வைத்தேன்.

"உங்க மக பிட்டு வைக்கல. நான்தான் தப்பாப் பிடிச்சேன்" என்றேன், மிஷினைவிடச் சத்தமாக.